கலேவெல பஸ் எங்கள் வீட்டுக்குள் வந்த கதை

மாமா இடது கையால் சாரத்தின் முடிச்சை இறுகப் பிடித்திருந்தார். நான் வெந்நீர் வாளியோடு எதிரே நின்றேன். அவரைக் கதிரையோடு குளியலறைக்குள் இழுத்து வந்திருந்ததால் கதவைச் சாத்த இடமில்லை.

"மாமா, தண்ணி ஆறுது. சும்மா ஒடம்ப மட்டும் தொடச்சி விடுறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் வலது ஓரம் லேசாகத் தொங்கியிருந்தது. வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. இடது கை மட்டும் முடிச்சை விடவேயில்லை.

பக்கவாதம் வந்து, மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்த மறுநாள் அது. என் மனைவி சாந்தி, அவருடைய மகள், லீவு முடிந்து அன்றுதான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போயிருந்தாள். முதலாம் வகுப்புக்காரியான எங்கள் மகள் மதுஷாவும் அம்மாவோடு போய்விட்டாள். சின்னவன் கிரிஷ் ஹோலில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். மாமி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆக, வீட்டில் விழித்திருந்தது மாமனாரும் மருமகனும் மட்டும்.

எங்கள் ஆட்களிடையே இந்த உறவுக்கு ஒரு முறை உண்டு. அவர் ஹோலுக்கு வந்தால் நான் எழும்பி நிற்பேன். நான் இருக்கிறேன் என்றால் அவர் சட்டை போடாமல் அறையை விட்டு வரமாட்டார். இத்தனை வருடத்தில் அவருடைய முதுகை நான் பார்த்ததே கிடையாது. இப்போது அதே மனிதரிடம் சாரத்தை அவிழ்க்கச் சொல்லி நிற்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஒரு யோசனை வந்தது. துணியில் சவர்க்காரம் போட்டு அவருடைய இடது கையில் கொடுத்தேன்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன் மாமா. முன்பக்கமெல்லாம் நீங்களே தேச்சிக்கங்க. முதுகு மட்டும் எனக்கு."

திரும்பி நின்றேன். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மெல்லத் தண்ணீர் சிந்தும் சத்தம். நெடுநேரம் ஆயிற்று. நான் ஜன்னல் வழியே பின்பக்கத்து மிளகுக் கொடிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வாளியின் விளிம்பில் டொக், டொக் என்று இரண்டு தட்டு விழுந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் இரண்டு தட்டு தட்டினால், "போகலாம்" என்று அர்த்தம்.

ராஜு கண்டக்டர்

மாமாவை எங்கள் ஊரான இரத்தோட்டையில் யாருக்கும் ராஜமாணிக்கம் என்று சொன்னால் தெரியாது. ராஜு கண்டக்டர் என்றால் தெரியும். தோட்டத்தில் பிறந்து, லயத்து வரிசை வீட்டில் வளர்ந்து, மீசை முளைத்த வயதிலேயே பஸ் ஏறியவர். மாத்தளையிலிருந்து கலேவெலக்குப் போகும் தனியார் பஸ்ஸில் ஒரு வாழ்நாள் முழுக்க ஓடினார்.

அவருடைய சொத்து குரல்தான். மாத்தளை பஸ் நிலையத்தில் அத்தனை பேர் கத்துவார்கள். அதற்கு நடுவில் மாமாவின் குரல் மட்டும் தனியாக எழும்பி வரும். "பலாபத்வெல, பள்ளேபொல, மடிப்பொல, வஹகோட்டே, கலேவெல, கலேவெல, கலேவெலேய்!" கடைசிக் கலேவெலவை இழுத்து மேலே கொண்டுபோய் விடுவார். ஊர்ப் பெயர்களா, தேவாரமா என்று சந்தேகம் வரும். ஏறினவர்களை, "இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னுக்குப் போங்க" என்று இரண்டு மொழியிலும் தள்ளிக்கொண்டே போவார்.

அந்தக் குரலைத்தான் நோய் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது, "ஆ" என்ற ஒரே ஓசை. தண்ணீருக்கும் ஆ. வலிக்கும் ஆ. மகளைக் கூப்பிடவும் ஆ. நாம் சொல்வது அத்தனையும் அவருக்கு விளங்கியது. பதில் சொல்லத்தான் வாய்க்கு வழி தெரியவில்லை.

பஸ்ஸில் கேட்ட கேள்வி

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இவர் எனக்குப் பெண் கொடுத்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்போது நான் மாத்தளையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தேன். முதலாளிக்குக் கலேவெலயிலும் ஒரு கடை இருந்தது. வாரத்தில் சில நாள் அங்கே போவேன். மாமாவின் பஸ்தான். தினமும் பார்க்கிற முகம், சிரிப்போம், அவ்வளவுதான்.

ஒருநாள் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். முன் கதவிலிருந்து அந்தக் குரல் வருகிறது.

"தம்பி! ஒங்களுக்குப் பொண்ணு பாத்துட்டாங்களா?"

பஸ் முழுக்க என் பக்கம் திரும்பியது. எனக்குக் காது சுட்டது. "இன்னும் இல்ல" என்றேன்.

"அப்ப ஒங்க அம்மாவ ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரச் சொல்லுங்க!"

தமிழ் தெரியாதவர்கள் பக்கத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வஹகோட்டையில் இறங்கிய ஒரு சிங்கள அம்மா என் கன்னத்தைத் தடவி வாழ்த்திவிட்டுப் போனார். கலேவெல வந்து சேரும் முன்பே பாதி பஸ்ஸுக்கு நான் மாப்பிள்ளையாகிவிட்டேன்.

பிறகு சாந்தியிடம் கேட்டேன், உன் அப்பா என்னிடம் அப்படி என்னத்தைக் கண்டார் என்று. "அதெல்லாம் தெரியாது. நெரிசல்ல கூட மொகத்த சுளிக்காத பையன்னு அம்மாகிட்ட சொன்னாரு" என்றாள்.

புடவைக்கடையிலிருந்து அடுப்படிக்கு

மாமா படுத்தபோது நானும் சாந்தியும் இரண்டு மூன்று நாள் பேசினோம். அவளுடையது அரசாங்க வேலை. விட்டால் திரும்ப வராது. புடவைக்கடை என்னை விட்டாலும் இன்னொரு புடவைக்கடை இருக்கும். அதனால் நான் வீட்டில் நின்றேன். கணக்கு அவ்வளவு எளிதுதான். அதைச் செய்து காட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது.

கஞ்சியைக் கட்டியில்லாமல் கடைய வேண்டும். தண்ணியாக இருந்தால் புரையேறும். மாமாவை ஒரு பக்கமாகவே படுக்க விடக்கூடாது. திருப்பித் திருப்பிப் போட வேண்டும். ஒரு கையால் அவரைத் திருப்பும்போது கிரிஷ் மறுகையில் தொங்குவான். அவனுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. எந்த நேரமும் எதையாவது வாயில் போட்டிருப்பான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு போன நாளும் உண்டு. அன்று சாந்தி வரும்போது நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் கைப்பையை வைத்துவிட்டு, சேலையைக் கூட மாற்றாமல் துணி துவைக்கப் போனாள்.

ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. "மாமனாருக்குக் கால் கழுவி விடுறானாம்" என்று கடையடியில் சொன்னார்கள். என் அம்மாவே போனில், "ஒனக்கு இது தேவையாடா?" என்று கேட்டார்.

"என்னைப் பொண்ணு கேட்டு வந்தது அவருதான்மா" என்றேன். "நீங்க யாரும் இல்ல."

அம்மா சிரித்துவிட்டார்.

மச்சானின் போன்

சாந்திக்கு ஒரு அண்ணன். சிவகுமார். கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சின்ன அனெக்ஸில் குடியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வார்ட்டில் தரையில் துண்டு விரித்துப் படுத்தவர். ஆனால் திரும்பிப் போனபிறகு அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"மச்சான், நானும் யோசிச்சுப் பாத்தேன்" என்றார் ஒருநாள் போனில். "கண்டியில ஒரு முதியோர் இல்லம் இருக்கு. போய்ப் பாத்தேன். சுத்தமா இருக்கு, நேர்ஸ்மாரு இருக்காங்க. நீங்களும் சாந்தியும் எவ்ளோ நாளைக்குத்தான் இப்படி? பிள்ளைங்க இருக்கு. ஒங்களுக்கும் ஒரு வாழ்க்க இருக்குல்ல?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கிரிஷைத் தூக்கிக்கொண்டு பேசியதால் அப்படிப் போட்டிருந்தேன். மாமா கதிரையில் இருந்தார் என்பது பேசி முடித்த பிறகுதான் என் நினைவுக்கு வந்தது.

அன்று பகல் அவர் கஞ்சியைத் தொடவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். சாந்தி முன்னால் உட்கார்ந்து கெஞ்சினாள்.

"அப்பா, அண்ணன் சும்மா சொல்லுது. நாங்க அனுப்புவமா? ஒரு வாய் குடிங்கப்பா."

ஒரு வாய் குடித்தார், அவளுக்காக. அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனக்குச் செலவாகும் நேரத்தையும் அரிசியையும் அவரே மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. மச்சான் அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு வேனோடு வருவதாகச் சொல்லியிருந்தார். "வந்து பேசுவம்" என்றார். வேன் எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். சாந்தி அன்று என்னிடம், "நாம முடியாதுன்னு சொல்லிருவம். ஆனா அப்பா சாப்பிடாம இருந்தா நாம என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

நடுவில் விடுபட்ட ஊர்

ஒரு பின்னேரம் நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து மழை இறங்கியது. மதுஷாவுக்கு வெளியே போக வழியில்லை. பிளாஸ்டிக் கதிரைகளை ஹோலில் ஒன்றன் பின் ஒன்றாக வைத்தாள். முன் கதிரையில் தம்பியை இருத்தி, கையில் ஒரு சட்டி மூடியைக் கொடுத்தாள். அவன் டிரைவர். பின்னால் ஒரு தலையணையும் ஒரு கரடிப் பொம்மையும் பிரயாணிகள். அவள் கண்டக்டர். தாத்தாவின் கதிரை அந்த வரிசைக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் அடுப்படியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கூவல் கேட்டது.

"மாத்தளை, பலாபத்வெல, கலேவெல! ஏறுங்க, ஏறுங்க! மாத்தளை, பலாபத்வெல, கலேவெல!"

"பள்ளேபொல!"

நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். அது கோபமான, கரகரத்த, பெரிய ஆம்பிளைக் குரல்.

ஓடி வந்தேன். மாமா கதிரையில் முன்னால் சாய்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. நடுவில் உள்ள ஊர்களையெல்லாம் விட்டுவிட்டுப் பஸ் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்து, ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

"பள்ளேபொல, மடிப்பொல, வஹகோட்டே, கலேவெல, கலேவெல..."

குழறல் இருந்தது. ஆனால் ஒரு ஊரும் தவறவில்லை. பிறகு அவரே தன் குரலைக் கேட்டுப் பயந்தவர் மாதிரி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஆ" என்றுதான் வந்தது. திரும்பவும் முயன்றார். ஆ. கண்ணில் நீர் வந்துவிட்டது.

மதுஷாவுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அவள் தன் தோளில் கிடந்த பையைக் கழற்றித் தாத்தாவின் கழுத்தில் மாட்டினாள்.

"தாத்தாவுக்குத்தான் எல்லா ஊரும் தெரியும். தாத்தாவே கண்டக்டர். நான் சனம்."

அடுத்த கிளினிக் நாளில் பேச்சுப் பயிற்சி தரும் மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மலர்ந்து சிரித்தார். வாழ்க்கை முழுக்கச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய சொற்கள், பாட்டு, கும்பிடும்போது சொல்வது, இவையெல்லாம் சிலருக்குப் பேச்சுப் போன பிறகும் மிஞ்சி நிற்கும் என்று சிங்களத்தில் விளக்கினார். விடாமல் விளையாடச் சொன்னார். "ஆனா வற்புறுத்தாதீங்க, ஒரேயடியா எல்லாம் வராது" என்றும் சொன்னார்.

அப்படியே எங்கள் ஹோலில் தினமும் பஸ் ஓடத் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, உடுப்பு மாற்றியதும் முதல் பஸ். கண்டக்டர் சாப்பிடாவிட்டால் பஸ் எடுக்கமாட்டேன் என்று மதுஷா சொல்லிவிட்டாள். மாமா அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். கஞ்சி முழுவதும் இறங்கியது.

வேன் வந்த நாள்

போயாவுக்கு மச்சான் வந்தார். வேன் வாசலில் நின்றது. பின் சீட்டில் மெத்தை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். சாந்தி அதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

மச்சான் வீட்டுக்குள் வந்தபோது பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அப்பாவின் பக்கத்தில் குனிந்தார். மதுஷா கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, நிக்கக்கூடாது. சீட் இருக்கு. இருங்க."

அவர் சிரித்துக்கொண்டே கரடிப் பொம்மையை மடியில் வைத்து அதன் கதிரையில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, சின்னக் கதிரை. மாமா தன் மகனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வழக்கமாக ஒவ்வொரு பிரயாணியிடமும் கேட்பதை, வாழ்நாள் முழுக்கக் கேட்டதை, அவரிடமும் கேட்டார்.

"கொஹேத?"

எங்கே போகணும் என்று சிங்களத்தில் கேட்பது அது. வேறு ஒன்றுமில்லை. கண்டக்டர் கேட்கும் கேள்வி.

மச்சானுக்கு அது தெரியாதா? சின்ன வயதில் அதே பஸ்ஸில் அப்பாவின் காலடியில் இருந்து எத்தனை தரம் கலேவெலக்குப் போயிருப்பார். ஆனால் இப்போது வாயைத் திறந்தார், மூடினார்.

"எங்கயும் இல்லப்பா" என்றார் கடைசியில். "எங்கயும் இல்ல."

அப்பாவின் முழங்காலில் தலையை வைத்து அழுதார். மாமாவின் இடது கை முதலில் அவர் தோளில் விழுந்தது. பிறகு தலைமயிரைக் கோதியது. மதுஷா என்னைப் பார்த்தாள். நான் சும்மா இரு என்று கையைக் காட்டினேன். சாந்தி தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே மச்சான் கேட்டார், "வேனை ஒரு நாளைக்குப் பேசி எடுத்து வந்துட்டேன். இப்ப என்ன செய்யிறது?"

"பஸ்ஸில போவோம்!" என்றாள் மதுஷா. "நெசமா!"

போனோம், வேனையே பஸ்ஸாக்கிக் கலேவெலக்கு. மாமாவை முன் சீட்டில் இருத்தி, வலப்பக்கம் சாயாமல் தலையணை வைத்து, பெல்ட் போட்டோம். நாங்கள் எல்லாம் பின்னால். வழி முழுக்க அவர் ஊர்ப் பெயர் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பலாபத்வெல சந்தியில் வேன் திரும்பியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைகள், வளவுகள், மதில்கள், எதையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். வஹகோட்டையில் மட்டும் கோயிலைக் கண்டதும் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். ஊர்களைக் கூவியது மதுஷாதான்.

கலேவெல பஸ் தரிப்பில் வேனை நிறுத்தினோம். காக்கிக் கால்சட்டை போட்ட, தலை நரைத்த ஒரு டிரைவர் இந்தப் பக்கம் பார்த்தார். அப்படியே சாலையைக் கடந்து ஓடி வந்தார். "ராஜு ஐயே!" என்று ஜன்னலுக்குள் கையை விட்டு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இன்னொருவர். பிறகு இளநீர்க் கடைக்காரர். யாரும் என்ன நடந்தது என்று விசாரிக்கவில்லை. அவர்களே பேசினார்கள், சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. பாதியே போதுமாக இருந்தது.

திரும்பும் வழியில் மச்சான் தங்கையிடம் மெதுவாகச் சொன்னார், "இனிமே ஒவ்வொரு போயாவுக்கும் நான் வாறேன். ரெண்டு நாள் நின்னு அப்பாவ நான் பாக்குறேன். நீங்க ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயிட்டு வாங்க. இல்லாட்டி தூங்குங்க." சொன்னபடி செய்தார். முதல் தரம் அப்பாவுக்குச் சவரம் செய்யும்போது தாடையில் கீறிவிட்டார். மாமா அவரை அடிக்கக் கை ஓங்கினார். அன்று நாங்கள் எல்லாரும் நன்றாகச் சிரித்தோம்.

எனக்குக் காய்ச்சல்

அதன்பிறகு எல்லாம் நேராகப் போனது என்று எழுதினால் அது பொய். மாமாவின் வலது கை இன்றுவரை எழும்பவில்லை. ஊர்ப் பெயர்களுக்குப் பிறகு சில சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "தண்ணி" வந்தது. "போதும்" வந்தது. "சாந்தி" வர மாதக் கணக்கானது. சில நாள் வந்த சொல்லும் போய்விடும். ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து ஹோலுக்கு வருவார். அதற்கே களைத்துப்போவார்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். சாந்திக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. "நான் சமாளிச்சுக்குவேன், நீ போ" என்று அனுப்பிவிட்டேன். கொஞ்சம் படுத்தேன். அப்படியே அசந்துபோனேன்.

கிரிஷ் அழுவது எங்கோ தூரத்தில் கேட்டது. எழும்ப வேண்டும் என்று தெரிகிறது, உடம்பு கேட்கவில்லை. பிறகு அழுகை நின்றுவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஹோலுக்கு வந்தேன்.

மாமா தன் கதிரையில் இருந்தார். கிரிஷ் அவர் மடியில், செத்த கையைத் தலையணையாக வைத்துச் சாய்ந்திருந்தான். பக்கத்து ஸ்டூலில் காலையில் நான் வைத்துவிட்டுப் போன பிளேன்டீ, பிஸ்கட். மாமா இடது கையால் பிஸ்கட்டை நனைத்து, சொட்டு வடியும்வரை பிடித்திருந்து, அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டையெல்லாம் தேத்தண்ணி. அவன் முகமெல்லாம் பிஸ்கட்.

நான் கிட்டப் போய்ப் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். மாமா தரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நனைந்த விரல்களின் பின்பக்கத்தை என் நெற்றியில் வைத்தார். பிறகு அறைப் பக்கம் கையைக் காட்டினார். ஒரு சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது. நான் காத்திருந்தேன்.

"மாப்புள" என்றார். "படு."

போய்ப் படுத்தேன்.